மங்கையர்க்கரசி, உத்திரட்டாதி

போன வாரம் என் கைபேசிக்கு மருந்துக்கடையிலிருந்து ஒரு செய்தி. ‘டியர் டெஸ்ட் யூஸர், உங்கள் மாத்திரைகள் தயார்’ என்று. மாத்திரை என்னுடையதுதான். கடையும் மயூர் விஹாரில் நான் வழக்கமாக வாங்குகிற கடைதான். பெயர் மட்டும் யாரோ. எவரோ சோதித்துப் பார்க்கப் போட்ட பெயரை அப்புறம் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் மகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, இனிமே நீ டெஸ்ட் யூஸர்!” நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு பார்க்கிறேன், கையில் மயிர் கூச்செறிந்து நிற்கிறது. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதி புரியாது. இங்கிலீஷில் சொன்னால் எனக்கு நடந்த மாதிரியே இருக்காது. அதனால் உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் நினைவுக்கு வந்தது ஒரு வாசனை. கர்ர் கர்ர் என்று அடிக்கிற பழைய பிரின்டரின் ரிப்பன் மை, பக்கத்துத் தட்டில் விபூதி, அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரின் பாச்சை உருண்டை. இந்த மூன்றும் சேர்ந்த வாசனை எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த சின்னப் பிள்ளையார் கோயிலின் ஆபீஸ் அறை அது. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தெருப் பக்கம் ஒரு ஜன்னல். மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தால் முதலாமவர் வெளியே போகவேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. டில்லியில் பி.காம். முடித்த தமிழ்ப் பெண்ணுக்கு அப்போது இரண்டு வழிதான். ஒன்று கல்யாணம், இன்னொன்று கம்ப்யூட்டர். என் ஜாதகத்தைப் பார்த்தவர் கொஞ்ச நாள் ஆறப்போடுங்கள் என்று சொல்லிவிட்டதால் அப்பா என்னைக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். சவுத் எக்ஸ்டென்ஷனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். டில்லி ஜனவரியில் வெறும் காலோடு அந்த ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து படித்ததில் எனக்குப் படிப்பு வந்ததோ இல்லையோ, சளி நன்றாகப் பிடித்தது.

எங்களுக்குச் சி பிளஸ் பிளஸ் என்கிற கம்ப்யூட்டர் பாஷையை நடத்தியவர் மல்ஹோத்ரா ஸார். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு மஃப்ளர். கிளாஸ் என்றால் வரைபடம், ஆப்ஜெக்ட் என்றால் அந்த வரைபடத்தை வைத்துக் கட்டிய வீடு என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். எனக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். காலனி முழுக்க ஒரே வரைபடம். எந்த வீட்டுக்குள் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சமையலறைக்கு நடந்து போய்க் குழாயைத் திறப்பேன். ஒரு தடவை நிஜமாகவே தப்பான மாடி ஏறி, யார் வீட்டிலேயோ போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வீட்டு மாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

கன்ஸ்ட்ரக்டர் என்று அடுத்து ஒன்று வந்தது. புது வீட்டுக்கு நீங்கள் சாமான் கொண்டுபோகும் முன்பே அங்கே ஒரு மின்விசிறி, ஒரு பல்பு, ஒரு குழாய் எல்லாம் இருக்கிறதே, அதையெல்லாம் வைக்கிற ஆள் அது என்றார் ஸார். நான் கையைத் தூக்கி, அந்த ஆளை எந்த வரியில் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். ஸார் சிரித்தார்.

“புலானா நஹீ பட்தா, பேட்டி. குத் ஆதா ஹை.”

கூப்பிட வேண்டியதில்லை மகளே, தானே வரும். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. கூப்பிடாமல் தானே வருகிறவர்களைப் பற்றி எங்கள் அம்மா வெள்ளிக்கிழமைகளில் பேசவே விடமாட்டாள்.

இந்த லட்சணத்தில் நான் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் சுந்தரேசன் மாமா என்னைப் பிடித்தார். ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் செக்ரட்டரி. எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். ‘மழை பெய்யறது மாமா’ என்று சொன்னால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். கோயிலுக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரின்டரும் கொடுத்திருந்தார்கள்.

“ஏம்மா, நீ கம்ப்யூட்டர் படிக்கறியாமே? அர்ச்சனைக்கு ஒரு ப்ரோக்ராம் போட்டுக் குடேன். ஜல்தி ஒண்ணுமில்லே. வெள்ளிக்கிழமைக்குள்ள போறும்.”

எங்கள் கோயில் அர்ச்சனை ஊரில் நடக்கிற மாதிரி இல்லை. காலையில் எல்லாருக்கும் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஆகவே ஜன்னலில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். சாயங்காலம் தீபாராதனைக்கு முன்னால் குருக்கள் அத்தனை பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பார். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அவரவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பொட்டலத்தில் விபூதி, குங்குமம், நாலு கல்கண்டு. தலைநகரத்து பக்தி அப்படித்தான், காலையில் விண்ணப்பம், மாலையில் பைசல்.

பக்தர் என்று ஒரு கிளாஸ் எழுதினேன். பெயர், நட்சத்திரம், கோத்திரம். இதில் ஒரு வேடிக்கை, கோத்திரம் தெரியாதவர்களுக்கு ‘சிவ கோத்திரம்’ என்று குருக்களே போட்டுக்கொள்வார். சொல்லாமல் விட்டதை நிரப்புகிற வேலையை அவர் காலம் காலமாகச் செய்துகொண்டிருந்தார். அதைத்தான் நான் கன்ஸ்ட்ரக்டரில் எழுதினேன். எழுதும்போது, காகிதத்தில் அகலம் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பெயருக்கும் அங்கேயே, இருப்பதிலேயே நீளமான ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று யோசித்தேன். விரல் தானாக ‘மங்கையர்க்கரசி’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தது. எனக்கு அந்தப் பெயரில் தோழி கிடையாது, சொந்தத்தில் யாரும் கிடையாது, பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயரைக் கேட்ட ஞாபகம் இல்லை. நட்சத்திரத்திலும் நீளமாக இருக்கட்டும் என்று உத்திரட்டாதி. பிறகு ஒன்றுமே கொடுக்காமல் ஒரே ஒரு பக்தரை மட்டும் உண்டாக்கி ஓட்டிப் பார்த்தேன். பிரின்டர் கர்ர் கர்ர் என்று அடித்துவிட்டு நின்றது. சிவ கோத்திரம், உத்திரட்டாதி, மங்கையர்க்கரசி. ஆள் தயார். காகிதத்தில் அழகாக உட்கார்ந்திருந்தாள். இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

வேலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. காலையில் ஜன்னலில் உட்கார்ந்து நான் பெயர்களை அடிப்பேன். மத்தியானம் வகுப்புக்குப் போய்விடுவேன். சாயங்காலம் மாமா ஒரு பட்டனை அமுக்கிக் காகிதத்தை எடுத்துக் குருக்களிடம் கொடுப்பார். அந்த வருஷம் மூடுபனி ரொம்பவும் அதிகம். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. வெள்ளையாக நிற்கிற பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். ‘ரோகிணி, பாரத்வாஜம், வெங்கடேஷ்.’ ‘சதயம், கோத்திரம் தெரியாதும்மா, முனியசாமி.’ நான் முகம் பார்க்காமலே அடிப்பேன். சீட்டை நீட்டினால் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டு போகும்.

சில நாள் கழித்துக் குருக்கள் சொன்னார், தினமும் ஒரு பொட்டலம் மிஞ்சுகிறது என்று. கும்பகோணம் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். காகிதத்தில் இருக்கிற பெயருக்கு ஒன்றாகத்தான் கட்டுகிறார், யாரோ ஒருத்தர் வாங்கிக்கொள்ளாமலே போய்விடுகிறார்கள். “பஸ் லேட்டாகியிருக்கும்” என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு நாள், “இப்பல்லாம் மிஞ்சறதில்லே” என்றார் குருக்கள். சரி, பஸ் சரியாக வர ஆரம்பித்துவிட்டது போல என்று நாங்கள் அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

அதே வாரத்தில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். நான் வந்து ஜன்னலைத் திறக்கும்போதே செருப்பு விடுகிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நூல் புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஒரு காக்கி ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர். சாமியைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் எனக்கு முன்னால் வந்திருந்தார். அதற்கு மறுநாளும். நான் சீக்கிரம் வந்தால் அவர் அதைவிடச் சீக்கிரம் வந்திருந்தார். மஃப்ளரில் பனி இறங்கி நரைத்தது போல் இருக்கும். ஒரு நாள் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

“தாயி, எம்மக வந்துட்டுப் போயிட்டாளா?”

மதுரைப் பக்கத்துப் பேச்சு. யாரம்மா உங்கள் பெண் என்று கேட்டேன்.

“மங்கையர்க்கரசி. உத்திரட்டாதி.”

விசைப்பலகையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரில் யாரும் வரவில்லையே என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“வராம என்ன? தெனம் வந்து குடுத்துட்டுப் போறாளே. சாயந்தரம் சாமி கடைசியா அவ பேரத்தான வாசிக்கிறாரு. நான் எம்புட்டு வெள்ளன வந்தாலும் அதுக்கு முந்தி வந்துட்டுப் போயிர்றா.”

அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் கோயிலில் போய் நின்றேன். குருக்கள் காகிதத்தை விளக்கருகே பிடித்துக்கொண்டு படித்தார். எல்லாம் காலையில் நான் அடித்த பெயர்கள், நான் அடித்த வரிசை. நான் கடைசியாக அடித்த பெயர் வந்தது, முடிந்தது. குருக்கள் மூச்சு வாங்கிக்கொண்டார். “சிவ கோத்திரம், உத்திரட்டாதி நட்சத்திரம், மங்கையர்க்கரசி.” பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தார். கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீபாராதனை முடிந்ததும் பொட்டலங்களில் ஒன்றை, அந்தப் பெயருக்கு உரியதை, எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

மறுநாள் மல்ஹோத்ரா ஸாரிடம் என் ப்ரோக்ராமைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பார்வையில் பிடித்துவிட்டார். பக்தர்களுக்கு முன்கூட்டியே ஒரு வரிசை வீடு கட்டி வைத்திருக்கிறாய். எத்தனை வீடு கட்டினாயோ அத்தனை வீட்டுக்கும் கன்ஸ்ட்ரக்டர் வந்து போயாகிவிட்டது. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நீ ஒன்றிலிருந்து எண்ணுகிற பழக்கத்தில் ஒரு வீடு தாண்டிப் போய் நிற்கிறாய். வந்தவர்கள் எல்லாரும் முடிந்ததும் அடுத்த காலி வீட்டுக் கதவையும் தட்டுகிறாய் என்றார்.

“காலி வீடுதானே ஸார்?” என்றேன்.

“காலி எங்கே? உள்ளே ஆள் இருக்கே. நீதானே வைத்தாய்?”

தப்பு எங்கே என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும், இல்லையா? பாதிதான் போயிற்று. ஒரு பெயர் அதிகமாக ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஸாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சுந்தரேசன் மாமாவிடம் சொன்னேன். அவர் அதற்குள் அந்த அம்மாளைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். பெயர் பாண்டியம்மாள். கணவர் சர்க்கார் டிரைவர், வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அந்தக் காக்கி ஸ்வெட்டர் அவருடையது. கருணை அடிப்படையில் அந்த அம்மாளுக்கு ஓர் ஆபீஸில் தண்ணீர் கொடுக்கிற வேலை கிடைத்தது, வேலையோடு ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ். ஒரே மகள். பஞ்சாபிப் பையன் ஒருவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். இனிமேல் என் முகத்திலேயே முழிக்காதே என்று இவர் சொல்லிவிட்டார், அவளும் முழிக்கவில்லை. இப்போது இவர் காலையிலெல்லாம் கோயிலில் உட்கார்ந்துவிட்டு, வேலைக்கு மத்தியானம் போகிறார், சில நாள் போவதே இல்லை. ஆபீஸில் மெமோ கொடுத்துவிட்டார்கள்.

“இன்னும் கொஞ்ச நாள் இப்படி உக்காந்தான்னா வேலை போயிடும். வேலை போச்சுன்னா வீடும் போச்சு. இந்தக் குளிர்ல எங்கே போவா அவ? சொல்லித்தான் ஆகணும்” என்றார் மாமா. சொல்கிற வேலையை அவரிடமே விட்டுவிட்டேன். அவரே அந்த அம்மாளை ஜன்னலருகே கூப்பிட்டு, இது கம்ப்யூட்டரில் வந்த பிசகு, உன் பெண் வரவேயில்லை என்று பதமாகத்தான் சொன்னார். ஒரு ஆபீஸர் எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதம்.

பாண்டியம்மாள் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை, அழவில்லை.

“மிசினு பேரைப் போட்டுச்சு, சரி. எம்மக நச்சத்திரம் மிசினுக்கு எப்பிடித் தெரியும்?”

மாமா என்னைப் பார்த்தார். நான், “அது வந்தும்மா, சும்மா நீளமா ஒரு பேர் வேணும்னு...” என்று இழுத்தேன்.

“அவ அப்பா வச்ச பேரு தாயி அது. கூப்பிட நீளமா இருக்குன்னு நாங்க மங்கைன்னுதான் கூப்பிட்டோம். அவள முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு அவரு. அவருதான் இப்ப இல்லையே.”

சொல்லிவிட்டுப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ப்ரோக்ராமைத் திறந்து அந்த ஒரு எண்ணிக்கையைச் சரிசெய்தேன். கன்ஸ்ட்ரக்டரில் இருந்த பெயரையும் அழித்தேன். அழிக்கிற விசையை ஒவ்வொரு எழுத்தாக அமுக்கும்போது, இந்த வேலையை வேறு யாராவது செய்யக்கூடாதா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் குருக்கள் கடைசிப் பெயரைப் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றதும் மடித்து வைத்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். பாண்டியம்மாள் கை கூப்பியது கூப்பியபடி நின்றார். கற்பூரம் அணைந்து, எல்லாரும் பொட்டலம் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகும் நின்றார்.

“இன்னைக்கி வரல போல” என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. மறுநாள் செருப்பு விடுகிற இடம் காலியாக இருந்தது. வேலைக்கு ஒழுங்காகப் போகிறார் என்று மாமாவுக்குச் செய்தி வந்தது. பொட்டலக் கணக்கும் சரியாக வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பனி இன்னும் விடவில்லை. ஒரு காலை நான் ஜன்னலில் குனிந்து யாருடைய சீட்டையோ கிழித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது.

“உத்திரட்டாதி. மங்கையர்க்கரசி.”

கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தினாய் என்று மாமா பிற்பாடு சொன்னார். கம்பளி உறை போட்ட ஒரு கை ஜன்னலுக்குள் நீண்டிருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் தெளிந்தது. என் வயதுப் பெண். தோளில் குல்லாய் போட்ட குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா என் பேர்ல தெனம் அர்ச்சனை பண்றாங்களாமே? இந்தக் காலனில இருக்கற என் ஃப்ரெண்டு சொன்னா, அவ காதால கேட்டாளாம். ஸச் மே? நிஜமாவே அவங்கதானா? வேற யாருக்காவதா இருந்தா சொல்லிடுங்க, நான் ஃபரீதாபாத்லேருந்து வர்றேன். இப்படியே திரும்பிப் போயிடறேன்.”

அவள் நடுங்கியது குளிரில் இல்லை, எங்கள் பதிலுக்காக. எழுத்தில் இல்லாத எதையும் நம்பாத சுந்தரேசன் மாமா எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

“உங்கம்மாதாம்மா. தெனமும். ஒரு நாள் கூட விட்டதில்லே.”

அப்படியே அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அந்த மனிதரை நான் அன்றைக்குப் போல் வேறெப்போதும் மதித்ததில்லை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று அவள் என்னைக் கேட்டாள். மாமா ஜன்னல் வேலையை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பினார்.

பாண்டியம்மாள் ஆபீஸுக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். மகளைப் பார்த்ததும் அலறுவார், திட்டுவார், கட்டிக்கொள்வார் என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஆச்சரியமே படவில்லை. பூட்டைத் திரும்பத் திறந்தார்.

“ஏண்டி, இம்புட்டு நாளாக் கோயில் வரைக்கும் வந்துட்டு அப்பிடியே போயிட்டியே. நான் என்ன, கடிச்சா தின்னுபுடுவேன்?”

“நான் இன்னிக்குத்தாம்மா வர்றேன். நீதானே எனக்காக தெனம்...”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வேளை, குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டது. பாண்டியம்மாள் அதைப் பிடுங்கிக்கொள்ளாத குறையாக வாங்கி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் அழுதார். மகளும் அழுதாள். எனக்கும் கண்ணைக் கரித்தது, ஏன் மறைக்க வேண்டும். சத்தமில்லாமல் படியிறங்கப் போனேன். பாண்டியம்மாள் குழந்தையோடு வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப, அது வரைக்கும் தெனம் வந்தது யாரு தாயி?”

மல்ஹோத்ரா ஸார் சொன்ன பதில் என்னிடம் இருந்தது. பூஜ்யம், ஒன்று, ஒரு வீடு தாண்டி. அந்தக் காக்கி ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. “தெரியலைம்மா” என்றேன். அது பொய்யும் இல்லை.

வெயில் வந்ததும் பாண்டியம்மாள் மகளோடு ஃபரீதாபாத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போனார். நானும் படிப்பை முடித்துவிட்டேன். சாயங்காலம் வேலை இல்லாததால் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் குருக்கள் படித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெயர் முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டார். “சிவ கோத்திரம், உத்திரட்டாதி நட்சத்திரம், மங்கையர்க்கரசி.” கற்பூரம் அணைந்ததும் ஓடிப்போய்க் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெயர் அதில் இல்லை.

“அந்தக் கடைசிப் பேர் ஏன் சொன்னேள்?” என்று கேட்டேன்.

“எந்தப் பேர்? காகிதத்துல இருக்கறதோட நிறுத்திட்டேனே” என்றார். விளையாடுகிற மனிதர் இல்லை அவர். நான் மாமாவைப் பார்த்தேன். அவரும் கேட்டிருந்தார், முகம் சொன்னது. “விடும்மா. சில விஷயத்துக்கு ஃபைல்ல நோட் போட முடியாது” என்றார். குருக்கள் அதற்கப்புறமும் தினம் அந்தப் பெயரைச் சொன்னார், தினம் சொல்லவில்லை என்றார். மாமா பொட்டலத்தில் ஒன்று கூடுதலாகக் கட்டிப் பிள்ளையார் காலடியில் வைக்க ஏற்பாடு செய்தார். காலையில் அது அங்கே இருக்காது. கல்கண்டுக்காக அணில் இழுத்திருக்கலாம், பெருக்குகிறவள் எடுத்திருக்கலாம். காத்திருந்து பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்புறம் எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, யமுனைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். சவுத் எக்ஸ்டென்ஷன் மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள், செருப்போடு போகலாம். காலனியில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று ஊரைப் பார்க்கப் போய்விட்டன. சுந்தரேசன் மாமா தவறிப்போய் ரொம்ப நாளாயிற்று. குருக்கள் கண் மங்கிக் கும்பகோணத்துக்கே திரும்பினார். பாண்டியம்மாளும் மங்கையும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

முந்தாநாள் சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் போய்வந்தேன். ஆபீஸ் ஜன்னலை அடைத்துச் சுவராக்கிவிட்டார்கள். பெயர் கொடுப்பது, பணம் கட்டுவது எல்லாம் கைபேசியிலேயே. பெயர்கள் சுவரில் ஒரு திரையில் வருகின்றன, புதுக் குருக்கள் சின்ன வயது, மளமளவென்று படிக்கிறார். கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு மணியைக் கையில் எடுத்தார். நான் கை கூப்பியபடி கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். வேறு பெயர் ஒன்றும் வரவில்லை. பணம் கட்டியவர்களோடு அர்ச்சனை முடிந்துவிட்டது.